ஆட்டுக்குப் போட்ட புள்ளிகள்

இன்று காலை பெட்டியைக் குடைந்தபோது என் பழைய கறுப்புக் கோட்டு கையில் வந்தது. அதன் பையிலிருந்து மூக்குப்பொடி வாடை. மூன்று தும்மல் தும்மிவிட்டு ஜன்னலோரம் கண்ணை மூடி உட்கார்ந்தேன். எதிர்ப் பலகையில் நீங்கள் இருந்தீர்கள். மொரப்பூரில் நாம் ஏறிய ரயில் பனிக்குள் மெல்லப் போய்க்கொண்டிருந்தது.

யுத்த காலம் அது. அரூரில் மூக்குப்பொடி இடித்து விற்ற விதவை அம்மாவுக்கு நீங்கள் வக்கீல். அவருடைய பச்சை உறையில் புள்ளிமான் படம். தன் பொடி உறைக்கு அதே பச்சையில் ஓர் ஆட்டை வரைந்து, அதன் முதுகில் புள்ளியும் வைத்த மகராசனுக்கு நான் வக்கீல். ஆடு சந்தைக்கு வந்த பிறகு அம்மாவின் உரல் பாதி நாள் சும்மா கிடந்தது. வழக்குத் தோற்றால் அவர் கடையை மூட வேண்டியதுதான். அது நம் இருவருக்கும் தெரியும். ஆனாலும் வழக்கு வேறு, சிநேகிதம் வேறு என்று ஒரே ரயிலில்தான் சேலம் கோர்ட்டுக்குப் போவோம்.

மானுக்கும் ஆட்டுக்கும் உள்ள வித்தியாசங்களை நான்கு பக்கம் எழுதி மடியில் வைத்திருந்தேன். பொடி போட்டால்தான் எனக்கு வாய் திறக்கும். முந்தின நாள் அரூரில் வாங்கிய பொட்டலத்தைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்து உங்களிடம் நீட்டினேன். நீங்கள் உறையையே பார்த்தீர்கள். அப்போதுதான் நானும் பார்த்தேன். ஆடு.

“மானுன்னு நெனச்சு வாங்கிட்டீங்களா?” என்றீர்கள்.

“இல்லீங்க, நம்ம கட்சிக்காரர் சரக்காச்சேன்னு வாங்குனேன்.”

கூசாமல் சொன்னேன். நீங்கள் ஒரு சிட்டிகை எடுத்து இழுத்துவிட்டு, பனியில் மிதந்த குன்றுகளைப் பார்க்கத் தொடங்கினீர்கள்.

கோர்ட்டில் உங்கள் சாட்சி, சித்தேரி மலையில் சாமை விதைப்பவர். மான் என்று நம்பி ஆட்டை வாங்கியதைச் சொல்ல வந்தவர். நீங்கள் இரண்டு பொட்டலங்களையும் நீட்டி, அம்மாவின் பொடி எது என்று கேட்டீர்கள். மனிதர் உறையைப் பார்க்கவே இல்லை. இரண்டையும் பிரித்து மோந்து, சரியானதை எடுத்துக் கொடுத்துவிட்டார். கோர்ட்டே சிரித்தது. ஏமாறாத சாட்சியை வைத்துக்கொண்டு ஏமாற்று வழக்கா என்று நான் எழுந்தேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நீங்கள் என் கோட்டுப் பையை ஒருமுறை பார்த்தீர்கள். நான் பையைக் கையால் மூடிக்கொண்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊரே என்னைப் பார்த்துச் சிரித்திருக்கும். நீங்களோ சாட்சியிடம் திரும்பி, வாங்கும்போதே வேறு பொடி என்று தெரிந்ததா என்று மட்டும் கேட்டீர்கள்.

“கடையில யாருங்க பிரிப்பாங்க? பச்சைக் காயிதம், புள்ளி. வாங்கி மடியில கட்டிக்கிட்டேன். மலையேறி வூட்டுக்குப் போயி மோந்தப்பத்தான் தெரிஞ்சுதுங்க.”

தீர்ப்பு வந்ததும் ஆடு சந்தையை விட்டுப் போயிற்று. அம்மாவின் உரல் மறுபடி ஒலித்தது. தோற்றதில் எனக்குச் சந்தோஷம் என்றே சொல்ல வேண்டும். அதன் பிறகு எத்தனையோ முறை ஒன்றாக ரயில் ஏறினோம். அந்தப் பொட்டலத்தின் பேச்சை நீங்கள் எடுக்கவே இல்லை. போன தையில் உங்கள் உடலுக்கு மாலை போட்டபோது உண்மை என் நாக்கு நுனி வரை வந்து நின்றது.

கோட்டைப் பெட்டியில் திருப்பி வைக்கவில்லை, ஆணியில் மாட்டியிருக்கிறேன். கண்ணை மூடினால் அந்தப் பனி இன்னும் கலையவில்லை. நீங்களும் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

மான் என்று நினைத்துத்தான் வாங்கினேன், ஐயா.