வாங்கிக்கொள்ள ஆளில்லாத வரி

முன்னால் முறத்தில் அவரைக்காய் குவிந்து கிடக்கிறது. பாதி உரித்துவிட்டேன். சோப்புப் போட்டுக் கழுவியும் விரலை விட்டு அந்த வாசம் போகவில்லை. பனி குடித்த அவரையின் பச்சை வாசம், எண்ணெய் மாதிரி தோலில் ஒட்டிக்கொள்கிறது. "பனி விழுந்தாத்தான் அவரைக்கு வாசமே ஏறுது. நமக்கும் அப்படித்தான் டி, குளுருலதான் ரெண்டு வரி வருது" என்று நீ சொல்வாய். இந்த வருஷமும் பனி விழுகிறது. எனக்குத்தான் கவிதை என்று ஒரு வரியும் வருவதில்லை. நீ போனதிலிருந்து ஒன்றுகூட வரவில்லை. இதை வேறு யாரிடம் சொல்லித் தொலைப்பது?

கெலமங்கலம் சாலையில், ஓசூர் முடிகிற இடத்தில், நாம் இருவரும் ஒரே தெரு. நீ தையல் கடை வைத்திருந்தாய். நான் கம்பெனி ஸ்டோர்ஸில் உதிரி பாகங்களுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். இன்னமும் அதைத்தான் செய்கிறேன். கம்பெனி பஸ் வருவதற்குள் போய்த் திரும்ப வேண்டும் என்று வெளுக்கும் முன்பே நடக்கக் கிளம்பிவிடுவோம். நீ புர்காவுக்கு மேலே உன் வீட்டுக்காரருடைய பழைய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வருவாய். எனக்கு மங்கி குல்லா. பிளாட் போட்டு வண்ணக் கல் நட்ட இடங்களையும், ரோஜா வளர்க்கிற பிளாஸ்டிக் கூடாரங்களையும் தாண்டினால் ராகிக் கொல்லைகளுக்கு நடுவே ஒரு வண்டித்தடம் போகும். அதுதான் நம் பாதை.

அந்தத் தடத்தில் அவரைக் கொல்லைக்காரி நாராயணம்மா முதல் நாளே நம்மை மடக்கினாள். "ஏமக்கா, சுகரா?" என்றாள். நீ முகத்தைக் கொஞ்சமும் மாற்றிக்கொள்ளாமல், "ஆமாங்க, ரெண்டு பேத்துக்குமே சுகரு. டாக்டரு நடக்கச் சொல்லிட்டாரு" என்றாய். பாவம், அவள் அன்றையிலிருந்து வெந்தயம், பாகற்காய் என்று வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். கொஞ்ச தூரம் போன பிறகு நான் உன்னைக் கிள்ளினேன். "பின்ன என்னடி சொல்றது? கவிதை எழுதறதுக்கு நடக்கறோம்னா பைத்தியம்னு சொல்லுவாங்க. சுகருன்னா மரியாதை" என்றாய்.

நடக்கும்போது எழுதக் கூடாது, போனை எடுக்கக் கூடாது என்பது உன் சட்டம். ஒருத்தி ஒரு வரியைச் சொல்ல வேண்டும். மற்றவள் அதை மனசில் வாங்கிச் சுமந்து வர வேண்டும். திரும்பி வந்து ராஜப்பாவின் டீக்கடையில் கிளாஸைக் கையில் பிடித்த பிறகுதான் அவரவர் வரியை அவரவருக்குத் திருப்பித் தரலாம். "சொன்னவ மறந்துரணும். கேட்டவ சொமக்கணும். டீ வரைக்கும் தாங்காத வரி நமக்கு வேணாம்." முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இது என்ன பிள்ளை விளையாட்டு என்று சண்டைகூடப் போட்டேன். போகப் போகத்தான் புரிந்தது. நான் சொல்லி நானே மறந்த வரியை உன் வாயால் கேட்கும்போது, அது வேறு யாரோ எழுதியது போல இருக்கும். எது உண்மை, எது ஜோடனை என்று பட்டென்று தெரிந்துவிடும். ஜோடனையாக இருந்தால் நீ சொல்லும்போதே முகத்தைச் சுளிப்பாய். "இந்த எடத்துல கக்கத்தைப் புடிக்குது. பிரிச்சுத் தை."

அப்புறம் நாளெல்லாம் அந்த ஒரு வரிதான். நான் கேன்டீனில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுதுவேன். நீ ஜாக்கெட் துணிகளுக்கு நடுவே எழுதுவாய். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேரே உன் கடைக்கு வருவேன். நீ மெஷினை நிறுத்தாமலே, "ம், படி" என்பாய். என்னைவிட நீ நன்றாக எழுதுவாய் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பொறாமைப்பட்டிருக்கிறேன். ஆனாலும் சாயங்காலம் உன் கடைக்கு வராமல் இருந்ததில்லை.

யானை வந்த காலையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, பிறகு சிரித்ததற்கு அழுகை வருகிறது. தளிக் காட்டிலிருந்து ராகி தின்ன இறங்கிய கூட்டம். பனியில் நமக்கு ஒன்றும் தெரியவில்லை. யாரோ பட்டாசு கொளுத்திக்கொண்டு, "ஆனெ! ஆனெ! ஓடுங்க!" என்று கத்தினார்கள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினோம். டீக்கடையில் வந்து விழுந்து மூச்சு வாங்கும்போது நீ கேட்ட முதல் கேள்வி, "என் வரி எங்கடி?" ஒரு சொல்கூடச் சிந்தாமல் சொன்னேன். நீ பெஞ்சைத் தட்டிச் சிரித்த சிரிப்பில் ராஜப்பா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். "உங்கிட்ட எதை வேணா நம்பிக் குடுக்கலாம் டி" என்றாய்.

கடைசிக் காலையில் நீதான் முதலில் சொன்னாய், நாராயணம்மாவின் கொல்லை ஓரமாக. வாங்கிக்கொண்டேன். தைல மரங்கள் பக்கம் வந்ததும் நான் என் வரியைச் சொன்னேன். நீ நின்றுவிட்டாய். இத்தனை வருஷத்தில் என் வரியை ஒரு தடவைகூடப் பாராட்டாதவள், "இது நல்லா இருக்குது டி. நெசமாவே நல்லா இருக்குது. இதைப் பத்தரமா வச்சிருக்கேன்" என்றாய். எனக்குக் கால் தரையில் படவில்லை.

டீக்கடை பூட்டியிருந்தது. பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர், "ராஜப்பா மாடு புடிக்க குந்தாரப்பள்ளி சந்தைக்குப் போயிருக்காருங்க" என்றார். இங்கேயே சொல்லிவிடலாமா என்று கேட்டேன். "டீ இல்லாமலா? நாளைக்கு சேத்துக் குடுத்துக்கலாம். எங்க ஓடிப்போவுது?" என்றாய். நானும் சரி என்று பஸ்ஸுக்கு ஓடினேன். எப்பேர்ப்பட்ட கிறுக்கச்சிகள் நாம்! ஒரு கிளாஸ் டீ இல்லை என்று, வாயைத் திறந்தால் முடிகிற காரியத்தை நாளைக்கு வைத்தோம்.

மத்தியானம் நீ மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டாய் என்று போன் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டதாம். நான் வந்து சேர்ந்தபோது உன்னைக் குளிப்பாட்டி வெள்ளைத் துணி சுற்றியிருந்தார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் அழுதார்கள். நான் உன் காதருகே குனிந்து, "என் வரி என்னடி?" என்று கேட்டேன். உன் நாத்தனார் நான் உனக்காக வேண்டிக்கொள்கிறேன் என்று நினைத்து என் முதுகைத் தடவினாள். பிறகு ஆண்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். உன் வீட்டு வாசல் வரைக்கும்தான் என்னால் வர முடிந்தது.

நான் உன் சட்டத்துக்கு அவ்வளவு கீழ்ப்படிந்தவள். சொன்னதை நிஜமாகவே மறந்துவிட்டேன். அதே தைல மரத்தடியில், அதே நேரத்தில், அதே குல்லாவோடு போய் நின்று பார்த்தேன். ஒரு சொல்கூட எட்டிப் பார்க்கவில்லை. என் வாழ்நாளில் நீ நல்லா இருக்குது என்று சொன்ன ஒரே வரி உன்னோடு மண்ணுக்குள் போய்விட்டது. உன் மேல் கோபம். ராஜப்பாவின் மாட்டின் மேலும் கோபம். கடைக்குப் பின்னால் அது கட்டிக் கிடக்கிறது, என்ன அமைதியாக அசை போடுகிறது தெரியுமா, சனியன்!

போன வாரம் உன் மகள் வந்தாள். "பெரீம்மா, அம்மா எழுதுனதெல்லாம் சேத்து புக்கா போடறோம். கடசியா எதனா உங்ககிட்ட சொன்னாங்களா?" என்று கேட்டாள். உன் கண்தான் அவளுக்கு. "இல்ல கண்ணு" என்றேன். பொய். உன் வரி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அதைக் கொடுத்துவிட்டால், நீ என் வரியோடு இனி வரவே மாட்டாய் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் அல்லவா? நீ என்னுடையதைத் தந்தால் நான் உன்னுடையதைத் தருகிறேன் என்று, செத்துப்போனவளோடு பேரம் பேசிக்கொண்டிருக்கிறேன். அவள் போன பிறகு எனக்கே என்னைப் பார்க்க அசிங்கமாக இருந்தது.

அதனால்தான் இன்றைக்குக் காலையில் கிளம்பினேன். முதலில் உரியவளுக்குத் திருப்பித் தர வேண்டும், அப்புறம்தான் அவள் மகளுக்கு. டீக்கடையில் இரண்டு டீ வாங்கினேன். ஒன்றை உன் இடத்தில் பெஞ்சின் மேல் வைத்தேன். ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"அவரைக்கொடி ராவெல்லாம் பிடித்துவைத்த குளிரை
விடிந்ததும் யாரிடம் கொடுக்கும்?"

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். என்னுடையது வரும் என்று உண்மையாகவே காத்திருந்தேன். "யாருகிட்டக்கா பேசறீங்க?" என்று ராஜப்பா எட்டிப் பார்த்தார். "போன்ல" என்றேன். "டீ ஆறிப்போச்சே, வேற போடட்டுமா? நம்ம மாட்டுப் பாலுதான் அக்கா, கெட்டியா இருக்கும்." வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் மறுபடி தடத்தில் இறங்கினேன். நாராயணம்மா அவரை பறித்துக்கொண்டிருந்தாள். "இன்னொரு அக்கா வரலியா?" என்றாள். ஒவ்வொரு பனிக்காலமும் கேட்பாள். மகளோடு போச்சம்பள்ளியில் இருக்கிறாள் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவைத்திருந்தேன். இன்றைக்கு வாயில் வேறு ஒன்றும் வரவில்லை. "அவ செத்துட்டா" என்றேன். நானே அதை அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன். நாராயணம்மா கையிலிருந்த காயைக் கூடையில் போட்டுவிட்டு, மெதுவாகக் கேட்டாள்: "சுகரா?"

"ஆமா" என்றேன்.

அவள் என் சால்வையை இழுத்துப் பிடித்து, கூடையில் இருந்த அவரையை எல்லாம் அதில் கொட்டினாள். "நீங்களாச்சும் மாத்திரைய விடாதீங்கக்கா" என்றாள்.

அந்த அவரையைத்தான் உரித்துக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு உன் மகளைக் கூப்பிட்டு உன் வரியைச் சொல்லிவிடுவேன். புத்தகத்தில் கடைசிப் பக்கத்தில் போட்டுக்கொள்ளட்டும். திருப்பித் தந்த வரி, தந்தவளை விட்டுப் போய்விடும் என்பாயே, போகவில்லை டி. வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் என் கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது. அதையும் சுமந்துவிடுவேன், உன்னுடையதுதானே. என்னுடையதை நினைத்தால்தான் தாங்கவில்லை. அது என்ன வரி என்று இனி யாருக்கும் தெரியாது. நல்லா இருக்குது என்று நீ சொன்னது மட்டும் என்னிடம் இருக்கிறது.