மேலே வரை ஓடாத மரை

ஆகஸ்ட் 4, திங்கள்

சமையலறை சிங்க் அடியில் ஒழுகுகிறது. இட்லிக் கொப்பரையை வைத்துத் தண்ணீர் பிடிக்கிறேன். பாளையங்கோட்டையில் பதினோரு வருஷமாகக் குழாய்ச் சாமான் கடைக் கவுண்டரில் நிற்கிறவள் வீட்டில்! வருகிறவர்களிடமெல்லாம் "பத்து நிமிஷ வேலை, நீங்களே மாட்டிக்கிடலாம்" என்பேன். நான் இதுவரை ஒன்றுகூட மாட்டியதில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சிங்க் ஓட்டையையும் கழிவுக் குழாயையும் இணைக்கிற வேஸ்ட் கப்ளிங், கடையிலிருந்து புதுசாக ஒன்று கொண்டுவந்தேன். மேலேயிருந்து ஓட்டையில் இறக்கணும், அடியில ரப்பர் வாஷர், அப்புறம் நட்டு, முறுக்கணும், அம்புட்டுதான் — கவுண்டரில் நான் தினமும் ஒப்பிக்கிறது. சிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்ததும் நேற்றைய சாம்பார்த் தண்ணீர் வாயில் விழுந்தது. வீட்டுக்காரர் கங்கைகொண்டான் கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து வந்து டார்ச் பிடித்தார். பிளம்பர் சுடலைக்கண்ணு அண்ணாச்சியைக் கூப்பிடலாமே என்றார். வேண்டாம் என்றேன். ஏன் என்று சொல்லவில்லை.

நட்டு நன்றாக இறுகியது. குழாயைத் திறந்தேன். ஒழுகியது.

ஆகஸ்ட் 7, வியாழன்

அதே கம்பெனியில் இன்னொரு கப்ளிங். அதே ஒழுகல். கட்டைவிரல் தோல் போனதுதான் மிச்சம். கடையில் கேட்டவர்களிடம் அரிவாள்மணை என்றேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சரி, எழுதித் தொலைக்கிறேன்.

போன மாதம் பவுலின் டீச்சர் வீட்டில் புது ஸ்டீல் சிங்குக்கு எங்கள் கடையில் வாங்கிய இதே கம்பெனிக் கப்ளிங்கை மாட்டியவர் சுடலைக்கண்ணு அண்ணாச்சிதான். ஒழுகிற்று. டீச்சரையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். "மரை மேல வரைக்கும் ஓடல தாயி. சிங்க் தகடு மெல்லிசு. நட்டு பாதியிலயே நிக்கி" என்றார், நட்டு ஏறுகிற திருகு வரியைக் காட்டி. நான் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "சாமான் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஒங்களுக்குத்தான் மாட்டத் தெரியல" என்றேன். நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு அவர் கடைப் பக்கம் வரவில்லை. டீச்சர் பள்ளி விடுதிக்கு வார்டன். விடுதிக் குழாய் வேலை முழுக்க அண்ணாச்சி கையில் இருந்தது. அதுவும் போய்விட்டதாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பகல் வெளிச்சத்தில் கழற்றி வைத்துப் பார்த்தேன். சிங்க் இல்லாமல் வெறும் கப்ளிங்கில் நட்டை ஏற்றினேன். விளிம்புக்கு ஒரு விரல் கீழேயே நின்றுவிட்டது. அதற்கு மேல் மரையே இல்லை. நான் சிங்கைப் பிடித்து இறுகியதாக நினைத்த நட்டு, தகட்டைத் தொடவே இல்லை. அவர் சொன்னது அப்படியே.

இப்போ என்ன செய்யப்போறே முத்துராணி? வாய் மட்டும் நல்லா ஓடுதே ஒனக்கு.

ஆகஸ்ட் 11, திங்கள்

முதலாளியிடம் சொன்னேன். அந்தப் பெட்டிகளைத் திருப்பி அனுப்பிவிடலாம், வெளியே மூச்சு விடாதே என்றார். தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டி.

சாயங்காலம் கொக்கிரகுளத்தில் அண்ணாச்சி வீடு. பஸ்ஸில் பெரிய பேச்சே தயார் செய்திருந்தேன். அவரைப் பார்த்ததும் வந்தது இவ்வளவுதான்: "மரை ஓடல அண்ணாச்சி."

"என்கிட்ட ஏன் தாயி சொல்லுதே? எனக்குத்தான் தெரியுமே. டீச்சர்ட்ட சொல்லு."

ஆகஸ்ட் 13, புதன்

வேறு கம்பெனி கப்ளிங் மாட்டினேன். சொட்டு இல்லை. டீச்சர் நம்பரை மூன்று தடவை எடுத்தேன், மூன்று தடவையும் வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

டீச்சர் சர்ச்சில் பூசை முடிந்து வரும்வரை அவர் வீட்டு வாசலில் நின்றேன், கையில் அந்த வேறு கம்பெனிக் கப்ளிங் ஒன்றோடு, பிரசாதம் கொண்டுவந்தவள் மாதிரி. எல்லாம் சொன்னேன். பெட்டியைத் திறக்காததையும், சிரிப்பு பிடித்திருந்ததையும். டீச்சர் போனை எடுத்து அண்ணாச்சியை வரச் சொன்னார்.

வந்தவர் ஸ்பேனரை என்னிடம் நீட்டினார். "நீயே மாட்டு."

மாட்டினேன். எழுந்து பெருமையாகப் சேலைத் தூசியைத் தட்டினேன். டீச்சர் குழாயைத் திறந்தார். ஒழுகியது. அண்ணாச்சி குனிந்து பார்த்துவிட்டு, வாஷர் மடங்கியிருக்கு, பைய முறுக்கணும் என்றார். அவர் முகத்தில் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. இல்லை, நானாக நினைத்துக்கொண்டேனோ.

இரண்டாம் தடவை ஒழுகவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நான் டீச்சரிடம் சொன்னது முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

கடையில் கூட்டம். சுடலைக்கண்ணு அண்ணாச்சி வந்தார். விடுதிக்கு என்று டீச்சர் கையெழுத்தில் ஒரு சீட்டு, பன்னிரண்டு கப்ளிங். பெட்டிகளை எடுத்து வைத்தேன். அவர் ஒன்றைத் திறந்து நட்டை மேலே வரை ஏற்றிப் பார்த்தார். நான் இன்னொன்றைத் திறந்தேன். பன்னிரண்டும் முடியும்வரை மற்றவர்கள் காத்திருந்தார்கள்.