டாஷ்போர்டுக்குள் பூ முடிச்சு

மாப்ளே,

தேன்மெழுகு வாசனை வந்தது. பூனா போபோடியில் நம்ம ஷெட்டில் பெட்ரோல் மணக்கும், கிரீஸ் மணக்கும், பக்கத்துக் கடை வடாபாவ் எண்ணெய்கூட மணக்கும். தேன்மெழுகு மட்டும் நீ போனதிலிருந்து மணந்ததில்லை. ஒரு பச்சை ஸ்போர்ட்ஸ் காருக்குள் மல்லாந்து படுத்து, தலையைப் பிரேக் பெடலுக்கு அடியில் நுழைத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். வயர்க்கட்டு முழுக்க உன் முடிச்சு.

ஊரில் எல்லோரும் பிளாஸ்டிக் டையைப் போட்டு இழுத்துவிட்டுப் போகிறார்கள். நீ ஒருத்தன்தான் பருத்திக் கயிற்றை மெழுகில் தோய்த்து, உன் அம்மா வேலூரில் மல்லிகை தொடுத்த அதே முடிச்சைப் போட்டுக்கொண்டு போவாய். "பழைய காருக்குப் பழைய கட்டுதான் மச்சான் அழகு" என்பாய். மும்பையிலிருந்து வரும் கஸ்டமர்கள் பேனலைக் கழற்றி அதை நண்பர்களுக்குக் காட்டுவார்கள். உனக்குத் தலைகால் புரியாது.

வண்டிக்காரன் கோயம்புத்தூர்ப் பையன், விஷ்ராந்த்வாடியில் குடியிருக்கிறான், கம்ப்யூட்டர் வேலை. முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் மாற்றத்தான் வந்திருந்தான். பிரேக் லைட் எரியவில்லை என்றுதான் நான் உள்ளே நுழைந்தேன்.

"வயரிங் யாரு பண்ணினது?"

"போன தீபாவளிக்கு முன்னால தளேகாவ்ல ஒரு ஷெட்டுலங்க. ஏனுங்ணா, சரியில்லீங்களா?"

சரியாகத்தான் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். பல்புதான் போயிருந்தது. நீ போய் இது மூன்றாவது மழைக்காலம். போன தீபாவளிக்கு நீ எப்படி வந்து கட்டுவாய்?

என் சந்தேக புத்தி உனக்குத் தெரியாததா? வயரில் கரண்ட் பார்க்கும் டெஸ்ட் லாம்ப் என் சட்டைப் பையை விட்டு இறங்காது. யார் வேலை செய்தாலும் திறந்து பார்ப்பேன். வீட்டில் கேஸ்காரன் டியூப் மாட்டிவிட்டுப் போனால் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்ப்பேன். "நீ சாமி கும்பிட்டாக்கூட ஒரு கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டுத்தான் கும்பிடுவே" என்று நீ ஷெட்டே சிரிக்கச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. என் தங்கையை உனக்குக் கட்டிக்கொடுத்த பிறகு சொந்தக்காரர்கள் முன்னால் "வாங்க மாப்பிள்ளை" என்றேன். ஷெட்டுக்குள் பழையபடி டா போட்டுத்தான். ஆனால் ஒன்று. உன் வயரிங்கை மட்டும் நான் திறந்து பார்த்ததே இல்லை.

அந்த ஒரு நம்பிக்கையும் அன்றைக்கு அந்த டாஷ்போர்டுக்கு அடியிலேயே ஆட்டம் கண்டுவிட்டது. தளேகாவ் என்றதும் உன் ஞாயிற்றுக்கிழமைகள் வந்து நின்றன. கடைசி சில வருஷம், ஞாயிறானால் பழுப்பு ரெக்ஸின் பையைத் தூக்கிக்கொண்டு லோனாவ்லா லோக்கல் ஏறுவாய். எங்கே என்றால் "கோயில்" என்பாய். பூனாவில் இல்லாத கோயிலா? தனியாக ஷெட் போடப் பார்க்கிறாயோ என்று அப்போதே எனக்குள் அரித்தது. கேட்கவில்லை. கேட்டால் நீ ஆமாம் என்று சொல்லிவிடுவாயோ என்று பயம்.

மூலையில் துணி போர்த்தி நிற்கும் நம்ம சிவப்பு வண்டியும் ஞாபகம் வந்தது. ஊர்ஊராகச் சாமான் தேடி நமக்கென்று சேர்த்த வண்டி. "வயர்க்கட்டு ரெடி மச்சான், திங்கக்கிழமை மாட்டிடலாம்" என்றாய். அந்தத் திங்கட்கிழமை நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். அப்புறம் ஷெட்டைத் தலைகீழாகப் புரட்டியும் கட்டு கிடைக்கவில்லை. எவனோ அடித்துவிட்டான் என்று ஆளாளுக்கு முகத்தை முகத்தைப் பார்த்தேன். இப்போது வேறு மாதிரி தோன்றியது. என் கண்ணெதிரே வேலை செய்துவிட்டு, எனக்குத் தெரியாமல் எவனுக்கோ தொழிலைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாயா நீ?

தங்கையிடம் கேட்டேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

"ஏண்ணா, செத்துப்போன மனுஷன் மேலயுமா சந்தேகம்?"

"அவன் ஞாயித்துக்கிழமை எங்க போனான்? அதை மட்டும் சொல்லு."

"தளேகாவ் ஸ்டேஷன்கிட்ட முருகன் கோயில். வரும்போது பூ வாங்கிட்டு வருவார். அவ்வளவுதான், இதுக்கு மேல எனக்குத் தெரியாது."

அடுத்த ஞாயிறே கட்கி ஸ்டேஷனில் லோக்கல் ஏறினேன். வழியெல்லாம் மனசுக்குள் உன்னோடு சண்டை. நீ பதில் பேசாததால் எனக்கு இன்னும் கோபம் ஏறியது.

கோயில் இருந்தது. அது பொய்யில்லை. வாசலில் ஒரு சேலத்து அம்மா பூக்கட்டிக்கொண்டிருந்தார். முழங்காலுக்குப் பக்கத்தில் கதம்பம். இந்தப் பக்கம் ஒரு சாக்கின் மேல், சிவப்பும் பச்சையும் கறுப்புமாகக் கார் வயர். குனிந்து பார்த்தேன், உன் முடிச்சு.

"இது யாருக்கும்மா?"

"இங்கத்த ஷெட்டுக்காரருக்கு. எம் பேரனோட சிநேகிதன். நான் கட்டறதப் பாத்துட்டு அவரும் குடுக்கறாரு." அப்புறம் என் சட்டைப் பையைப் பார்த்தார். டெஸ்ட் லாம்ப் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "நீங்க போபோடி மச்சானா?"

தலையை ஆட்டினேன்.

அவர்தான் சொன்னார். உனக்குக் கை நடுங்க ஆரம்பித்ததாம். வயரை அளப்பாய், வெட்டுவாய், வரிசை வைப்பாய். முடிச்சு மட்டும் விழாதாம். ஒருநாள் கோயிலுக்கு வந்தவன் அவர் விரலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்று, "அம்மா, பூவுக்குப் பதிலா இதைக் கட்டித் தருவீங்களா?" என்று கேட்டாயாம். அந்தக் கடைசி வருஷங்களில் நம்ம ஷெட்டிலிருந்து போன அத்தனை வண்டிக்கும் இவர் கட்டியதுதான்.

"என்கிட்ட ஏன்மா சொல்லல?" என்றேன். 

"நானும் கேட்டேன் சாமி. 'அவனுக்குத் தெரிஞ்சா என்னைப் பாத்துக்குவான், நல்லாப் பாத்துக்குவான். ஆனா அன்னைலருந்து என் வேலையையும் திறந்து பாப்பாம்மா. அவன் திறந்து பாக்காத வேலை உலகத்துல என்னுது ஒண்ணுதான்'னு சிரிச்சாரு."

அடப்பாவி. அரை கிளாஸ் கட்டிங் சாயை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பாயே. குளிருது மச்சான் என்பாயே. மே மாதத்தில்கூட அப்படித்தான் குடித்தாய். கேஸ் டியூபைச் சந்தேகப்பட்டவனுக்கு அது தோன்றவில்லை பார்.

சேலத்து அம்மா உள்ளே போய்ப் பழுப்பு ரெக்ஸின் பையை எடுத்து வந்தார். "அவரு வருவாரு வருவாருன்னு வெச்சிருந்தேன். அப்பறம் யாருகிட்டக் குடுக்கறதுன்னு தெரியல." சிவப்பு வண்டியின் வயர்க்கட்டு. லோக்கலில் உட்கார இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

நேற்று மாட்டினேன். உன் அளவு, அவர் முடிச்சு, ஓரிடத்தில்கூட இழுபடவில்லை. பழைய இங்கிலீஷ் வண்டி, மற்ற வண்டிகளுக்கு நேர்மாறாக பாட்டரி பாசிட்டிவை பாடியில் கொடுத்திருப்பான். கொஞ்சம் ஏமாந்தாலும் புகைதான். அதை மாற்றித்தான் புது ஆல்டர்னேட்டர் போட்டிருக்கிறோம். இப்படிப்பட்ட இடத்தில் ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்க்காமல் பாட்டரி கொடுக்கிற ஆள் இல்லை நான். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. லாம்பைத் தொட்டது.

எடுக்கவில்லை, மாப்ளே. பேனலை மூடி நாலு ஸ்குரூவையும் முடுக்கினேன். பிறகுதான் பாட்டரியைக் கொடுத்து, சாவியைத் திருப்பினேன். விளக்கெல்லாம் எரிந்தது.