தவத்தின் பத்து ரூபாய்த் தாள்

அன்பும் எரிச்சலும் சரிபாதியாக, என் தவம் மச்சானுக்கு,

நீ போய் மூன்று மாதமாகிறது. செத்தவீட்டில் எல்லோரும் உன்னைப் பற்றி நல்லதாகவே பேசினார்கள். நானும் பேசினேன். ஒன்றை மட்டும் விழுங்கிவிட்டேன். உன்மேல் எனக்குப் பொறாமை. சின்னப் பொறாமை இல்லை, சோறு இறங்காத பொறாமை. இந்தக் கடிதம் எங்கள் சங்கத்துச் செய்திமடலில் வரப்போகிறது, எல்லோரும் வாசிக்கட்டும்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை லண்டன் மோர்டன் மண்டபத்தில் பழைய நோட்டும் நாணயமும் சேர்க்கிற நாங்கள் பதினைந்து பேர் கூடுவோம். அதில் அச்சுப்பிழைத் தாள் என்றால் பைத்தியமாகத் திரிந்தவர்கள் நீயும் நானும்தான். வரிசை இலக்கமே விழாத தாள் என்று ஆசையாக ஒன்றை வாங்கினேன், யாரோ மருந்து போட்டு இலக்கத்தை அழித்திருந்தான். மூலை அச்சாகாத தாள் என்று இன்னொன்று வாங்கினேன், அது அழிறப்பரால் தேய்த்தது. இப்படி ஏமாந்து ஏமாந்துதான் கற்றுக்கொண்டேன். சுரண்டிய இடத்தில் தாளின் நார் பஞ்சு மாதிரி எழும்பி நிற்கும். மருந்து பட்ட இடம் யூவி விளக்கில் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். அச்சகம் விட்ட பிழை என்றால் தாளில் ஒரு காயமும் இராது. இதெல்லாம் தெரிந்ததால்தான் சங்கத்தில் எந்தத் தாளுக்கும் நான் நீதிபதி.

ஆனால் என் ஆல்பத்தில் உண்மையான அச்சுப்பிழை ஒன்றுகூட இல்லை. அது உனக்கும் தெரியும்.

நாலு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை நீ மண்டபத்துக்கு வந்து, தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, இலங்கைப் பத்து ரூபாய் ஒன்றை மேசையில் போட்டாய். இரண்டு பக்கமும் ஒன்றாயிருக்க வேண்டிய இலக்கம் இடப்பக்கத்தில் ஆறில் முடிந்தது, வலப்பக்கத்தில் ஏழில் முடிந்தது. இலக்கம் அடிக்கும் இயந்திரத்தில் சில்லு ஒன்று சுழலாமல் இறுகிப்போனால் அப்படி வரும் என்று நான் எத்தனையோ தடவை உனக்குச் சொல்லியிருக்கிறேன், கண்ணால் கண்டதில்லை.

"கனகாலமா என்னட்டக் கிடக்குது மச்சான். இண்டைக்குத்தான் வடிவாப் பாத்தனான்" என்றாய்.

கனகாலமாகக் கிடந்ததாம்! நான் தேடாத ஏலமில்லை, நீ தேடவே இல்லை. விளக்கைப் பிடித்தேன். அந்த ஏழின்மேல் மஞ்சள் கலந்த பச்சையாக ஒரு ஒளி தெரிந்தது. எவ்வளவு சந்தோசப்பட்டேன் தெரியுமா?

"மருந்து போட்டு இலக்கத்தை மாத்தியிருக்கினம். இது கைவேலை மச்சான்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

நீ தாளைக் கையில் எடுத்தாய். "அப்பிடியோ? நீ சொன்னாச் சரிதான்" என்று மடித்துப் பையில் வைத்தாய். மடித்தாய்! நல்ல தாளை யாராவது மடிப்பார்களா?

அன்றைக்கு என் சட்டைப்பையில் பூதக்கண்ணாடி இருந்தது. நான் எடுக்கவில்லை. தாளின் பின்பக்கத்தைத் தடவிப் பார்க்கவில்லை. மருந்து போடுகிறவன் இலக்கத்தில் மட்டும்தான் கை வைப்பான். இந்த ஒளியோ பெருவிரல் அகலத்துக்கு, இலக்கத்தையும் தாண்டித் தாளின் ஓரம்வரை கிடந்தது. அதையும் கண்டேன். கண்டும் வாயை மூடிக்கொண்டேன்.

போனமாதம் உன் மனைவி கலா வீட்டுக்குக் கூப்பிட்டார். லூயிஷாமுக்குப் போனேன். உன் ஆல்பங்களை அடுக்கி வைத்திருந்தார். தனியாக ஒரு கடித உறையில் அந்தப் பத்து ரூபாய்.

"இது நீங்கள் கள்ளவேலை எண்டு சொன்ன தாள், ரவி அண்ணை. எறிய மனம் வரேல்லை. இவர் லண்டனுக்கு வெளிக்கிட்ட வருசம் சித்திரை வருசப்பிறப்புக்கு அவற்ற அம்மா குடுத்த கைவிசேசக் காசு. புதுச்சட்டைக்கு மூலையில மஞ்சள் தடவுற மாதிரி, அம்மா புதுத்தாளுக்கும் தடவித்தான் குடுப்பாவாம். நீங்களே வச்சிருங்கோ. உங்களுக்குப் படிக்கிறதுக்கு உதவும்."

மஞ்சள். யாழ்ப்பாணத்தில் பிறந்து, வருடப்பிறப்புக்கு மூலிகை அவித்த மருத்துநீரைத் தலையில் வைத்துக் குளித்து, மூலையில் மஞ்சள் பட்ட சட்டை போட்டு வளர்ந்தவன் நான். எனக்கு மருந்து என்று தோன்றியது, மஞ்சள் என்று தோன்றவில்லை. உறையை வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன்.

நோர்பரியில் என் வீட்டுக் குசினியில் பழைய கிழிந்த நோட்டு ஒன்றில் மஞ்சள்தூளைக் குழைத்துத் தடவி, காயவிட்டு, விளக்கைப் பிடித்தேன். அதே ஒளி. பிறகு பூதக்கண்ணாடியால் உன் தாளைப் பார்த்தேன். ஏழைச் சுற்றி ஒரு நார்கூட எழும்பவில்லை. பின்பக்கத்தில் ஏழின் அழுத்தம் மற்ற இலக்கங்களைப் போலவே விரலுக்குத் தட்டுப்பட்டது. அச்சகம் விட்ட பிழைதான். சுத்தமான பிழை.

அதன் பிறகு நான் செய்ததைக் கேள். அதை என் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் வைத்தேன். இரண்டு நாள். யாருக்குத் தெரியப்போகிறது? நீ இல்லை. கலா கள்ளத்தாள் என்றே நம்புகிறார். சங்கத்தில் என் சொல்லுக்கு மறுசொல் இல்லை. வேலையால் வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் போய்ப் பார்த்தேன். சந்தோசமாகத்தான் இருந்தேன், பொய் சொல்லமாட்டேன்.

மூன்றாம் நாள் திரும்பவும் லூயிஷாமுக்குப் போனேன். மனம் திருந்திப் போனேன் என்று நினைக்காதே. அந்தத் தாளில் நீ மடித்த கோடு இருந்தது, அதுதான் என்னை விடவில்லை. உண்மையான தாள் என்று தெரிந்திருந்தால் நீ மடித்திருக்கமாட்டாய். கலாவிடம் எல்லாம் சொன்னேன், பூதக்கண்ணாடியை எடுக்காததையும் சேர்த்து.

கலா உறையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"வேற ஆரிட்டயாவது காட்டுங்கோவன் எண்டு நான் எத்தினை தரம் சொன்னனான். 'ரவி பாத்திட்டான், இனி ஆர் பாக்க வேணும்' எண்டு சொல்லிப்போட்டார். அம்மாவை ஆரோ ஏமாத்திப்போட்டாங்கள் எண்டுதான் அவருக்குக் கவலை."

என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார். குடித்தேன்.

அம்மா ஏமாந்துவிட்டார் என்ற கவலையோடா மச்சான் போனாய்? உன் அம்மாவே ஏமாந்தார் என்று நம்பினாய், என்னைச் சந்தேகிக்க உனக்கு ஒருதரமாவது தோன்றவில்லையா? நீ என் தாளை அப்படிச் சொல்லியிருந்தால் நான் பத்துப் பேரிடம் காட்டி உன்னைப் பொய்யனாக்கியிருப்பேன். ஒரு சிநேகிதனை அப்படி நம்ப எனக்கு வராது. இப்போது அதிலும் உன்மேல் பொறாமைப்படுகிறேன்.

வருகிற சனிக்கிழமை கலா தாளோடு மோர்டனுக்கு வருகிறார். அன்று எல்லோருக்கும் முன்னால் நின்று, தவத்தின் தாள் உண்மையானது, அவனுடைய அம்மாவை யாரும் ஏமாற்றவில்லை, நான்தான் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னேன் என்று சொல்வேன். நீதிபதி வேலையும் அன்றோடு சரி. இதில் மாற்றமில்லை, உன்மேல் சத்தியம்.

நான் சரியாகப் பார்க்கவில்லை என்று நீ உயிரோடு இருந்தபோதே சொல்லியிருந்தால், என் முதுகில் ஒன்று போட்டுவிட்டுச் சிரித்திருப்பாய். அவ்வளவோடு முடிந்திருக்கும். அதைச் சொல்ல எனக்கு நாலு வருடம் இருந்தது மச்சான்.

இன்றும் உன்மேல் எரிச்சல் ஆறாத,
உன் மச்சான் ரவி