மீன்காரி பெற்ற பிரபு

அம்மா, உன்னை வணங்கி எழுதுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? எடின்பரோவில் நான் நலம்.

ஐந்நூறு வருடத்துக்கு முன் இங்கே அரசவையில் இருந்த நிலப்பிரபு ஒருவரை ஆராய்கிறேன் அல்லவா? அவரைப் பெற்றவள் துறைமுகத்தில் மீன் விற்றவள். பழைய கடிதம் ஒன்றில் கண்டு என் ஆய்வில் எழுதினேன். அவர் வம்சத்துப் பெரியவர், "அந்த வரியை எடுத்துவிடு. இல்லையென்றால் எங்கள் வீட்டுக் காகிதங்களை இனித் தொடாதே" என்றார். எடுக்க மாட்டேன் என்றேன். பெட்டிகளைப் பூட்டிவிட்டார்.

"வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டியாடி?" என்பாய். நம் காலாப்பட்டில் யாரிடம் நீ சும்மா இருந்தாய்?

வேறு ஊர்களில் உள்ள காகிதங்களைத் தேடி முடிக்க ஒரு வருடம் கூடும். பொங்கலுக்கு வர முடியாது. நெத்திலிக் கருவாடு அனுப்பு. பொட்டலத்தில் உன் பெயருக்குக் கீழே 'மீன் வியாபாரம்' என்று பெரிதாக எழுது. இங்கே எல்லோரும் படிக்கட்டும்.

தபாலுக்கு நேரமாகிவிட்டது.

உன் பூவிழி