ஊர் சுற்றிய விசைப்பூட்டு

ஸ்டில்வெல் பள்ளத்தாக்கு, கெண்டக்கி
9 செப்டம்பர் 1983

அன்புள்ள வெர்னன்,

நீங்களும் உங்கள் வீட்டம்மாவும் சுகம்தானே. இங்கே ஒரு வாரமாக விடாத மழை. பீன்ஸ் கொடி அழுகிக்கொண்டிருக்கிறது, என் முழங்காலுக்கும் அதே கதிதான்.

பிப்ரவரியில் நீங்கள் அனுப்பிய துப்பாக்கி விசைப்பூட்டை இப்போதுதான் நிதானமாக உட்கார்ந்து பார்த்தேன். குழல் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்கு உங்களைப் போல் பூட்டுச் செய்ய ஆள் கிடையாது, அதில் மாற்றமில்லை. ஆனால் பூட்டின் பக்கவாட்டுச் சுத்தியலைப் பாதி இழுத்து நிறுத்தும்போது உள்ளே ஒரு சின்ன உறுத்தல். மருந்துக்குத் தீ வைக்கிற கேப்பின் மேல் அடிக்க வேண்டிய சுத்தியல் யோசித்துக்கொண்டு நின்றால் மான் நமக்காகக் காத்திருக்குமா? இதோடு அனுப்புகிறேன், கொஞ்சம் ராவி அனுப்புங்கள்.

கூடவே நாலு வரி எழுதுங்கள். உங்கள் பக்கம் மழை உண்டா, வேட்டைக்கு அணில் கிடைக்கிறதா, எதுவானாலும் சரி. ஒப்பல் செத்து இரண்டு வருஷமாகிறது. மனைவி போன வீட்டில் என்னோடு பேசுவது தகரக் கூரை ஒன்றுதான்.

உங்கள்
டெல்பர்ட் ஸ்டேசி


மெரிடித், ஓஹையோ
17 செப்டம்பர்

டெல்பர்ட்,

பூட்டு வந்தது. ராவி, எண்ணெய் போட்டு இதோடு அனுப்பியிருக்கிறேன். உறுத்தல் பூட்டில் இல்லை, உங்கள் கட்டைவிரலில்தான் என்று எனக்குச் சந்தேகம். கேட்டுவிட்டீர்கள், செய்துவிட்டேன்.

இங்கே மழை இல்லை. அணில் நிறைய. லூயெல்லா நேற்று அணில் குழம்பு வைத்தாள், உப்பு ஒரு கை தூக்கல். சொன்னால் நாளைக்கு அதுவும் கிடைக்காது என்பதால் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன்.

வெர்னன்


ஸ்டில்வெல்
26 செப்டம்பர்

அன்புள்ள வெர்னன்,

கை என்றால் உங்கள் கைதான். உறுத்தல் போன இடம் தெரியவில்லை, சுத்தியல் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வருகிறது. உடனே துப்பாக்கிக் கட்டையிலும் பதித்துவிட்டேன். வரி வரியாக ஓடும் அருமையான மேப்பிள் கட்டை.

கோபித்துக்கொள்ளாதீர்கள், பதித்த பிறகுதான் தெரிகிறது, ஸ்பிரிங்குக்கு வேகம் அதிகம். கேப்பைத் தட்டாமல் நசுக்கியே விடுகிறது. அதனால் பூட்டைக் கழற்றித் திரும்பவும் அனுப்புகிறேன். தபால் கொண்டுவரும் மேவிஸ் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னங்க டெல்பர்ட், இந்தப் பூட்டு உங்களவிட அதிகமா ஊர் சுத்துது. ஒரு நாளைக்கு நீங்களும் பெட்டிக்குள்ள ஏறி உக்காந்துக்குங்க, ஸ்டாம்பு நான் ஒட்டுறேன்" என்கிறாள். அவளுக்கென்ன, வாய் இருக்கிறது.

சனிக்கிழமை குறிசுடும் போட்டிக்குப் போனேன். பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டே மருந்து போடாமல் வெறும் குண்டை இடித்து இறக்கிவிட்டேன். மைதானமே சிரித்தது, நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து இதைச் சொல்ல ஆள் இல்லை. உங்களுக்கு எழுதுகிறேன்.

டெல்பர்ட்


மெரிடித்
4 அக்டோபர்

திரு. டெல்பர்ட் ஸ்டேசிக்கு,

எழுதுவது லூயெல்லா. வெர்னன் மார்ச் மாதமே தவறிவிட்டார். பட்டறையில் விழுந்தவர், ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. அவர் சொல்லச் சொல்ல எழுதியது எப்போதும் நான்தான், அதனால் கையெழுத்தில் உங்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. போன கடிதம் முழுக்க என் சரக்கு. மார்ச்சுக்குப் பிறகு இந்த வீட்டில் அணில் குழம்பு வைக்கவேயில்லை. உங்கள் பூட்டு சமையலறை மேஜையில் நாலு நாள் கிடந்தது. அரம் படாமல் அப்படியே கட்டி அனுப்பினேன்.

அதற்கு நீங்கள் "வெண்ணெய் மாதிரி" என்று எழுதுகிறீர்கள். அவர் போன பிறகு அன்றுதான் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அழுகை வந்துவிட்டது.

அப்புறம் பூட்டை எடுத்துப் பார்த்தேன். கட்டையில் பதிக்கிறவர்கள் விளக்குக் கரியைப் பூட்டில் தடவி அழுத்தி, கரி ஒட்டிய இடத்தைச் செதுக்கிச் செதுக்கித்தான் உள்ளே இறக்குவார்கள். என்ன துடைத்தாலும் திருகு ஓட்டையில் கரி தங்கும். இதில் ஒரு பொட்டுக் கரி இல்லை. நீங்கள் இதைக் கட்டைக்குக் காட்டவேயில்லை. நான் உங்களை ஏமாற்றினேன், நீங்கள் செத்துப்போனவரை ஏமாற்றினீர்கள். இதில் யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

மகன் ராய் வந்து பட்டறைச் சாமான்களை விற்கிறான். இனி எதுவும் அனுப்ப வேண்டாம்.

லூயெல்லா கிரைடர்


ஸ்டில்வெல்
11 அக்டோபர்

அன்புள்ள திருமதி கிரைடர்,

அவர் போய் ஏழு மாதம். நான் அவருக்கு முழங்கால் வலியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். மன்னித்துவிடுங்கள். நேரில் பார்த்தது இரண்டே தடவை என்றாலும் எனக்கு அவர் சிநேகிதர்.

கரி விஷயம் உண்மைதான். பூட்டில் ஒரு குறையும் இல்லை. ஒப்பல் போன பிறகு நான் துப்பாக்கியே செய்யவில்லை, மேப்பிள் கட்டை மூலையில் நிற்கிறது. உளியைக் கையில் எடுத்தால், "சாப்பிட வர்றீங்களா, நாய்க்குப் போட்டுறவா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வர வேண்டும். அது இல்லாமல் வேலை ஓடவில்லை. பூட்டை அனுப்பினால் பூட்டு திரும்பி வரும், கூடவே ஒரு கடிதம் வரும். அந்தக் கடிதத்துக்காகத்தான் இத்தனையும்.

பிப்ரவரியில் வந்தது என்றால் அவர் கடைசியாக ராவிய பூட்டு அதுவாகத்தான் இருக்கும். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று கேட்கிறேன். பூட்டும் இல்லாமல் சாக்கும் இல்லாமல் சும்மா உங்களுக்கு எழுதலாமா? காரில் நாலு மணி நேரம்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கவும் செய்யலாம். வேண்டாமென்றால் ஒரு வரி போதும்.

டெல்பர்ட்


மெரிடித்
20 அக்டோபர்

அன்புள்ள டெல்பர்ட்,

வர வேண்டாம். வந்தால் நான் சமைப்பேன், நீங்கள் அவர் நாற்காலியில் உட்காருவீர்கள். வேறு நாற்காலி போட்டால் அவருடையது காலியாக நிற்கும். இரண்டையும் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

பட்டறை சுத்தமாகக் காலி. காலையில் அரம் ராவும் சத்தம் கேட்காமல் எழுந்திருக்கவே தோன்றவில்லை. பூட்டை வைத்துக்கொண்டேன், நன்றி.

எழுதுங்கள். முழங்கால், மேவிஸ், மழை, எதையும் விடாமல் எழுதுங்கள். பதில் என் பெயரிலேயே போடுவேன், இனிப் பொய் கிடையாது. ஆனால் உறையின் மேல் மட்டும் என் பெயர் வேண்டாம், அவர் பெயரையே எழுதுங்கள். பாங்கிலும் சர்ச்சிலும் அதைக் கோடு போட்டு அடித்தாகிவிட்டது. அந்தப் பெயருக்கு இன்னும் தபால் போடுவது நீங்கள் ஒருவர்தான்.

நேற்று எங்கள் தபால்காரர் கேட்டார்: "இனிமே ஐயா பேருல ஏதாவது வந்தா திருப்பி அனுப்பிடட்டுமா அம்மா?" "வேண்டாம், வரும், கொண்டுவந்து குடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

லூயெல்லா