கொதிநீரில் விழித்தவை

என் உயிரான ரெஜினா அக்காவுக்கு,

ஏற்காட்டில் மார்கழிப் பனி கனத்துக் கிடக்கிறது. நீ இருக்கும் இடத்திலும் குளிர் உண்டா?

நேற்று செம்மநத்தத்தில் உன் மகள் ஸ்டெல்லாவைப் பார்க்கப் போனேன். கொல்லைச் சுவரோரம், மூடுபனிக்குள், பீன்ஸ் அடைத்த பாட்டில்கள் வரிசையாக நின்றன. நீதான் வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறாய் என்று ஒரு கணம் நம்பிவிட்டேன்.

"அம்மா பெட்டியில உங்க கையெழுத்துல ஒரு சீட்டு இருந்துச்சுங்க மாமா. மூணு நாளு வேகவெச்சா வருசமானாலும் கெடாதுங்களாமே" என்றாள். தலையாட்டினேன். டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

பள்ளிக்கூட ஆய்வகத்தில் நான் கையாண்ட முறை அது. சில நுண்ணுயிரிகள் ஓடு கட்டிக்கொண்டு விதைபோல உறங்கும். கொதிநீர் அவற்றைக் கொல்லாது, எழுப்பிவிடும். எழுந்தவை முளைத்தபின், மறுநாள் கொதியில் சாகும். மூன்றாம் நாள், மிச்சமிருப்பவற்றுக்கு. ஆனால் இடையில் முளைக்க வெதுவெதுப்பு வேண்டும். உனக்கு எழுதித் தந்த சீட்டில் அந்த ஒரு வரியை விட்டுவிட்டேன்.

குளிர்ச்சியில் இருந்தால் கெடாது என்று, ஒரு கொதிக்கும் மறு கொதிக்கும் நடுவே, நீயும் அன்று பாட்டில்களைப் பனியில் வைத்தாய். பார்த்தேன். முந்தின நாள்தான், "பீன்ஸுக்குப் பாடம் எடுக்கற வாத்தியார இப்பத்தான் பாக்கறேன்" என்று எஸ்டேட் பெண்கள் முன்னால் சிரித்திருந்தாய். அந்த ரோஷத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு அவற்றை அடுப்புக்கு மேலே பலகையில் அடுக்கினாய். மாதக்கணக்கில் அந்த இளஞ்சூட்டில், உறங்கியவை முளைத்து உள்ளே விஷத்தைக் கக்கினவா?

சித்திரையில் ஒன்றைத் திறந்து, உப்புப் பார்க்க ஒரு கரண்டி அப்படியே வாயில் போட்டாய். அந்த விஷம் கொதித்தால் முறிந்துவிடும்; கொதித்த குழம்பைச் சாப்பிட்ட எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் உனக்கு இமை எழவில்லை. காய்ச்சல் இல்லை, நினைவு தெளிவாக இருந்தது. விரலால் இமையைத் தூக்கிப் பிடித்து என்னைப் பார்த்தாய்.

"ரெண்டு பேரா நிக்கறயே கண்ணு. இதுல எவன் நீ?"

அதன்பின் உனக்குக் குரல் வரவில்லை. மூச்சும் மெல்ல நின்றது. வாதம் என்றார் டாக்டர். பாட்டிலைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை. மீதிப் பாட்டில்களைக் காப்பிச் செடிகளுக்கு நடுவே புதைத்தேன். அந்த மண்ணில் அவை இன்னும் உறங்கிக்கொண்டிருக்கும். அந்த வழியாக நான் நடப்பதில்லை.

அக்கா, எனக்கு உறுதியாகத் தெரியாது. மலையில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். பிசகு அதிலும் இருக்கலாம். வாதமாகவே இருந்திருக்கலாம். இப்படி நினைத்தே இத்தனை வருடம் வாய்மூடி இருந்துவிட்டேன். நேற்றும் அப்படித்தானே வந்தேன்?

இதை முடித்ததும் காலை பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன். அடைத்ததைக் கொட்டிவிடு, இனி பீன்ஸைப் பாட்டிலில் அடைக்கவே வேண்டாம் என்று ஸ்டெல்லாவிடம் சொல்வேன். ஏன் என்று கேட்பாள். உனக்கு நடந்ததை, நான் பார்த்தும் பேசாமல் நின்றதை, ஒன்றும் விடாமல் சொல்வேன். அதன்பின் அவள் என்னை மாமா என்று கூப்பிடாமல் போனாலும் சரி, அவள் பிள்ளைகள் தட்டில் அது விழாது. இது உன்மேல் சத்தியம்.

உன் கூடப்பிறந்த தம்பி,
சாமுவேல்